அளந்து பார்த்ததா, அளந்து விட்டதா?

கோவையில் தெருத் தெருவாகக் குழாய் எரிவாயு வேலை நடக்கிறதல்லவா, அதனால்தானோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி மீத்தேன். சினிமா, அரசியல், ஜாதகம் எல்லாவற்றுக்கும் இந்த வாரம் லீவு.

குடும்பத் தலைவி, சிங்காநல்லூர்: ஏனுங்க, சிலிண்டர்ல வர்ற கேஸும் குழாய்ல வர்ற கேஸும் ஒண்ணுதானுங்களே?

இல்லீங்க அம்மிணி. சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். இரண்டும் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். காற்றின் கனத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கசிந்தால் கூரையைப் பார்த்துப் போகும். ஆகவே குழாய் இணைப்பு வாங்கியவர்கள் கீழே கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, மேலே வெண்டிலேட்டரும் அடைபடாமல் இருக்க வேண்டும். மீத்தேனுக்குச் சொந்த வாசனை கிடையாது. மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம், கசிவு தெரியட்டும் என்று வேண்டுமென்றே கலக்கிற மெர்காப்டன் வகை வேதிப்பொருளுடையது. நாறினால் சுவிட்ச் பக்கம் கை போகக் கூடாது. வால்வை மூடிவிட்டு வெளியே வாருங்கள். இது பாதுகாப்புக் கணக்கு. இதை எல்லாரும் போடுகிறார்கள். இன்னொரு கணக்கு இருக்கிறது, அதற்குத்தான் ஆள் குறைவு.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்: எரிவாயு சுத்தமான எரிபொருள் என்கிறார்கள். பிறகு ஏன் மீத்தேனைத் திட்டுகிறார்கள்?

எரிந்தால் சுத்தம், எரியாமல் தப்பித்தால் வில்லங்கம். ஒரு கிலோ மீத்தேனை எரித்தால் இரண்டே முக்கால் கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அதே ஒரு கிலோவை எரிக்காமல் காற்றில் விட்டால், நூறாண்டுக் கணக்கில் பார்த்தாலும் அது சுமார் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இருபதாண்டுக் கணக்கில் 80 கிலோவுக்கும் மேல். மீத்தேன் வானத்தில் ஏறக்குறைய 12 ஆண்டுதான் தங்கும். ஆனால் தங்குகிற காலத்தில் ஆட்டம் அதிகம்.

நிலக்கரிக்குப் பதில் எரிவாயுவில் மின்சாரம் எடுத்தால் பூமிக்கு நல்லது என்பது ஒரு நிபந்தனையோடுதான் உண்மை. கிணற்றிலிருந்து மின்நிலையம் வரும் வழியில் சுமார் 3 விழுக்காடு சிந்திவிட்டால், அடுத்த இருபது ஆண்டுகளைப் பொறுத்தவரை நிலக்கரியே தேவலை என்றாகிவிடும். அந்த எண் 1ஆ, 4ஆ என்று தெரியாமல் ‘பசுமை எரிபொருள்’ என்று பலகை எழுதுவது, பரீட்சை எழுதும் முன்பே பாஸ் என்று அறிவிப்பது மாதிரி. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பனியன் கம்பெனி மேனேஜர், திருப்பூர்: நம்ம பக்கம் வரும் மீத்தேன் எங்கிருந்து புறப்படுகிறது?

நீங்கள் நினைப்பதைவிடத் தூரத்திலிருந்து. கொச்சிக்குப் பக்கத்தில் புதுவைப்பில் 2013இல் பெட்ரோநெட் நிறுவனத்தின் எல்என்ஜி (திரவ எரிவாயு) முனையம் வந்தது. அதற்கான நீண்டகால ஒப்பந்தத்தில் முக்கியமானது ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள கார்கன் வயலுடையது. அங்கே கடலடியில் எடுத்து, மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கினால் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். கப்பலில் ஏற்றி, கொச்சியில் இறக்கி, மறுபடி வாயுவாக்கி, பாலக்காட்டுக் கூட்டநாடு தாண்டி வாளையார் வழியாக நம் எல்லைக்குள் அனுப்புகிறார்கள். கோவை மாவட்டத்தில் அதை வீடு வீடாகக் கொடுக்கும் உரிமையை 2018 ஏலத்தில் எடுத்தது இந்தியன் ஆயில்.

கிணறு, குளிரூட்டும் ஆலை, கப்பல், முனையம், கம்ப்ரசர், வால்வு நிலையம், தெருக் குழாய், மீட்டர் என்று எத்தனை கை மாறுகிறது பாருங்கள். நூல் போட்டதிலிருந்து பாக்கிங் வரை எந்த இடத்தில் எத்தனை விழுக்காடு வேஸ்டேஜ் என்று கையில் வைத்துக்கொள்ளாமல் நீங்கள் பையருக்கு விலை சொல்வீர்களா? எரிவாயுத் தொழிலில் பல காலம் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆடிட்டர், ஈரோடு: கசிந்தால் கம்பெனிக்குத்தானே நஷ்டம்? அவர்களே அடைத்துவிட மாட்டார்களா?

ஆடிட்டர் கேட்க வேண்டிய கேள்விதான். சர்வதேச எரிசக்தி முகமையும் அதையே சொல்கிறது: எண்ணெய், எரிவாயுத் துறையின் மீத்தேன் கசிவில் சுமார் 40 விழுக்காட்டை நிகரச் செலவே இல்லாமல் நிறுத்தலாம், பிடித்த வாயுவை விற்ற காசு செலவை ஈடுகட்டிவிடும் என்று. பிறகு ஏன் நடப்பதில்லை? குழாய் ஒருவருடையது, உள்ளே ஓடும் சரக்கு இன்னொருவருடையது. குழாய்க்காரருக்கு வாடகை வந்துவிடும். சிந்தியது ‘கணக்கில் வராத வாயு’ என்ற தலைப்பில் ஒரு வரியாகப் போய்விடும். அந்த வரியிலும் எது கசிவு, எது மீட்டர் பிழை என்று பிரிக்க முடியாது. மீட்டரே அரை விழுக்காடு, ஒரு விழுக்காடு முன்னே பின்னே காட்டும். கசிவு அந்த இடைவெளிக்குள் சொகுசாக உட்கார்ந்துகொள்ளும். உங்கள் கட்சிக்காரர் ‘இதர செலவுகள்’ என்று எழுதிக்கொண்டு வந்தால் என்ன கேட்பீர்களோ, அதை அங்கே கேட்க ஆள் வேண்டும்.

டிப்ளமோ மாணவர், பெருந்துறை: கசிவை எப்படி அளக்கிறார்கள்? சோப்புத் தண்ணீர்தானா?

சோப்புத் தண்ணீரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள் தம்பி. இணைப்பில் தடவினால் நுரை கொப்பளிக்கும். இன்றைக்கும் உலகம் முழுக்க அது வேலையில் இருக்கிறது. ஆனால் அது ‘இருக்கு, இல்லை’ என்று சொல்லும். ‘எவ்வளவு’ என்று சொல்லாது.

அடுத்தது கேமரா. மீத்தேன் 3.3 மைக்ரான் பக்கத்து அகச்சிவப்புக் கதிரை விழுங்கும். அந்த அலைநீளத்தை மட்டும் பார்க்கிற குளிர்விக்கப்பட்ட கேமராவை நீட்டினால், வெறும் கண்ணுக்கு ஒன்றும் இல்லாத வால்வின் தலையிலிருந்து புகை போலச் சுருள் சுருளாக எழும்புவது திரையில் தெரியும். விலையைக் கேட்டால் உங்களுக்கும் தலை சுற்றும். சொகுசுக் கார் வாங்கிவிடலாம். அந்தக் கேமராவும் காட்டுமே தவிர, எடை போடாது. எடை போடுவதற்கு, கசியும் இடத்தைச் சுற்றியுள்ள காற்று மொத்தத்தையும் உறிஞ்சி எடுக்கும் கருவி ஒன்று உண்டு. எவ்வளவு காற்று உறிஞ்சினோம், அதில் எத்தனை பங்கு மீத்தேன் என்று பெருக்கினால் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று வந்துவிடும். முழு வளாகத்துக்கும் வேண்டுமானால் ட்ரோனையோ சிறிய விமானத்தையோ காற்று வீசும் திசைக்கு முன்னும் பின்னும் பறக்கவிட்டு வித்தியாசம் பார்ப்பார்கள்.

இதெல்லாம் அளக்கும் வழி. அறிக்கை எழுதும் வழி வேறு. ஒரு வால்வுக்கு ஆண்டுக்கு இவ்வளவு, ஒரு ஃபிளாஞ்சுக்கு இவ்வளவு என்று எங்கோ எப்போதோ எடுத்த சராசரி ஒன்று புத்தகத்தில் இருக்கும். வளாகத்தில் வால்வை எண்ணு, சராசரியால் பெருக்கு, கையெழுத்துப் போடு. ஒருவரும் வெயிலில் இறங்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் இந்த இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2018இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, அங்கே உற்பத்தியில் 2.3 விழுக்காடு கசிகிறது, அரசின் புத்தகக் கணக்கைவிட அது சுமார் 60 விழுக்காடு அதிகம் என்றது.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது? கசிவு சராசரியாக நடப்பதில்லை. நூறு கசிவில் ஐந்தே ஐந்து, மொத்தத்தில் பாதிக்கு மேல் சிந்தும். மூட மறந்த தொட்டி மூடி, அணைந்துபோன ஃபிளேர் (வேண்டாத வாயுவை எரிக்கும் குழாய்), சிக்கிக்கொண்ட வால்வு. சராசரிப் புத்தகத்தில் மறதிக்குப் பத்தி கிடையாது. அதனால்தான் ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2020இல் கொண்டுவந்த ஓஜிஎம்பி 2.0 என்ற ஏற்பாட்டில் ஐந்து படி வைத்தார்கள். கீழ்ப்படியில் வெறும் பெருக்கல். ஐந்தாம் படியில், ஒவ்வொரு கருவியாக அளந்து கூட்டிய தொகையையும் வளாகத்துக்கு மேலே பறந்து அளந்த தொகையையும் எதிரெதிரே வைத்து, ஏன் ஒத்துப்போகவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டும். எந்தக் கம்பெனி எந்த எண்ணைச் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது: இது அளந்து பார்த்ததா, அளந்து விட்டதா?

மாட்டுத் தரகர், காங்கேயம்: எங்க காளைங்க மீத்தேன் விடுதுன்னு டிவியில சொல்றாங்களே, நெசமா?

நெசம்தானுங்க. பெரும்பாலும் வாய் வழியாக, ஏப்பமாக. பின்பக்கத்தின் மேல் வீண்பழி.

பெட்டிக்கடைக்காரர், சத்தியமங்கலம்: மேலே சேட்டிலைட்டிலிருந்து கசிவைப் பார்த்துவிடுகிறார்களாமே?

பார்க்கிறார்கள். அதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தனித்தனித் தொழிற்சாலையின் மீத்தேனைப் படம்பிடிக்கவென்றே கனடாவின் ஜிஎச்ஜிசாட் நிறுவனம் செய்த முதல் செயற்கைக்கோள் ‘கிளேர்’ 2016 ஜூன் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்துதான், நம் பிஎஸ்எல்வி-சி34இல் ஏறிப் போனது. அதே ராக்கெட்டில் சென்னை சத்யபாமா பல்கலைக்கழக மாணவர்கள் செய்த ஒன்றரைக் கிலோ செயற்கைக்கோளும் போனது. அதன் வேலையும் பசுமைக்குடில் வாயுக்களைக் கவனிப்பதே. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறார்கள்.

பிறகு 2017இல் ஐரோப்பாவின் சென்டினல்-5பி, 2024 மார்ச்சில் மீத்தேன்சாட், அதே ஆண்டு ஆகஸ்டில் டானேஜர். மீத்தேன்சாட் பாவம், 2025 ஜூனில் தொடர்பு அறுந்து போய்விட்டது. செயற்கைக்கோளுக்கு மேகம் இருந்தால் தெரியாது, கடல் மேல் கஷ்டம், சின்னக் கசிவு சிக்காது. ஆனால் பெருங்கசிவு தப்பாது. 2015 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் அலிசோ கேன்யன் நிலத்தடிக் கிடங்கின் கிணறு ஒன்று உடைந்து, அடைப்பதற்குள் சுமார் 97,000 டன் மீத்தேன் வெளியேறியது. அப்படி ஒன்று இன்றைக்கு நடந்தால் மறைக்க முடியாது.

பார்ப்பது வேறு, கேட்பது வேறு. விண்ணிலிருந்து பெருங்கசிவைக் கண்டால் உடனே அந்தந்த நாட்டுக்கும் கம்பெனிக்கும் தகவல் சொல்லும் ஏற்பாடு ஒன்றை ஐநா 2022இல் அறிவித்தது. 2024 வரை 1,200க்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் போயின. உருப்படியான பதில் வந்தது நூற்றுக்கு ஒன்று. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டு வந்து காத்திருக்கிற நம் ஜனங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

ஒரு விவசாயி (ஊர் பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்): எங்க காட்டுல கெயில் குழாய் போகுது. கசிஞ்சா எங்களுக்கு எப்படிங்க தெரியும்?

உங்கள் கோபம் எனக்குத் தெரியும், அதிலிருந்தே தொடங்குகிறேன். கொச்சி–பெங்களூரு குழாய் தமிழ்நாட்டில் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டத்தில் சுமார் 310 கிலோமீட்டர். விளைநிலத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போங்கள் என்றுதான் விவசாயிகள் கேட்டார்கள். 2013 ஏப்ரலில் ஜெயலலிதா அரசும் அதையே உத்தரவாகப் போட்டது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கும். சந்தை மதிப்பில் பத்து விழுக்காடு கொடுத்துவிட்டு, 20 மீட்டர் அகலப் பட்டையில் வீடு கட்டாதே, கிணறு வெட்டாதே, மரம் வைக்காதே என்பார்கள். தென்னையை நம்பிய ஊரில் மரம் வைக்காதே என்றால் மிச்சம் என்ன? பட்டா மட்டும் மிச்சம்.

இனிக் கசிவு. ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: நாடு தாண்டி ஓடும் உயர் அழுத்தக் குழாயில் பொதுவாக வாசனை கலப்பதில்லை. நகர விநியோகத்துக்குப் பிரியும் இடத்தில்தான் கலப்பார்கள். ஆகவே உங்கள் மூக்கு அங்கே உதவாது. கட்டுப்பாட்டு அறையில் அழுத்தமும் ஓட்டமும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரிய உடைப்பு என்றால் உடனே தெரியும். ஊசிமுனைக் கசிவு தெரியாது. அதற்குக் குழாய்ப் பாதையில் நடந்துபோகும் லைன்மேனும் கருவியும்தான். உங்கள் கண்ணுக்குச் சில அடையாளம் உண்டு. சுற்றிலும் பச்சையாக இருக்க, நடுவில் ஒரு வட்டம் மட்டும் காய்ந்து போவது. தண்ணீர் கட்டிய வயலிலோ வாய்க்காலிலோ காரணமில்லாமல் கொப்புளம் வருவது. மண்ணுக்குள்ளிருந்து சீறும் சத்தம். கண்டால் பீடி, மோட்டார் சுவிட்ச் இரண்டையும் மறந்துவிட்டுத் தள்ளிப் போய், குழாய்ப் பாதை அடையாளக் கல்லில் இருக்கும் எண்ணுக்குப் போன் போடுங்கள். 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலர்ந்த வாயுவுக்காகப் போட்ட குழாயில் ஈரமும் கழிவும் சேர்ந்த வாயு ஓடி, உள்ளுக்குள்ளேயே அரித்திருந்தது.

ஆனால் காலநிலைக் கணக்கு என்று வந்தால், வெல்டிங் செய்து புதைத்த குழாயைவிட வேலி போட்ட வால்வு நிலையமும் கம்ப்ரசர் நிலையமும்தான் அதிகம் கசியும். பராமரிப்புக்காக ஒரு பகுதிக் குழாயைக் காலி செய்யும்போது உள்ளே இருந்த வாயுவை அப்படியே வானத்துக்குத் திறந்துவிடுவதும் உண்டு. கெயில் பொதுத்துறை நிறுவனம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணம் கட்டி நாலு கேள்வி கேளுங்கள்: எங்கள் மாவட்டத்தில் கடைசியாகக் கசிவுச் சோதனை எப்போது? எந்தக் கருவியில்? எத்தனை கசிவு கண்டீர்கள், எத்தனை நாளில் அடைத்தீர்கள்? காலி செய்தபோது எவ்வளவு வாயு வெளியே விட்டீர்கள்? நிலத்தைக் கொடுத்தவருக்கு இந்த நாலு பதிலாவது வர வேண்டாமா?

தஞ்சாவூரில் வாழ்க்கைப்பட்ட கோவைப் பெண்: இங்கே மீத்தேன் என்றாலே சண்டைக்கு வருகிறார்கள். அங்கே குழாய் இணைப்புக்கு வரிசையில் நிற்கிறீர்கள். என்ன நியாயம்?

இரண்டும் வேறு வழக்கு, தங்கச்சி. டெல்டாவில் 2010இல் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்குக் கொடுத்தது மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கும் உரிமை. நிலக்கரிக்குள் ஒட்டியிருக்கும் வாயு வெளியே வர, முதலில் நிலத்தடி நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். காவிரிக் கடைமடையில் போய் நீரை இறைக்கிறேன் என்றால் சண்டைக்கு வராமல் சந்தனம் பூசுவார்களா? இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தன் கடைசி நாட்களை அந்தப் பிரசாரத்துக்கே கொடுத்தார். 2013 டிசம்பர் 30 அன்று டெல்டாவிலேயே கண்ணை மூடினார்.

2020 பிப்ரவரி 9 அன்று டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்குவோம் என்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அறிவித்த இடம் சேலம் தலைவாசல். விழா, கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டுவது. மீத்தேனுக்குத் தடை என்று சொல்ல, மாடுகளின் மேடையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. சட்டமும் அதே மாதம் வந்தது. ஆனால் புதியதுக்குத்தான் தடை. முன்பே நடந்துகொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை. அந்தப் பழைய கிணறுகள் எவ்வளவு கசிகின்றன என்பதை எந்த மேடையிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கோஷம் போடுகிறவர்களுக்கும் அதில் அக்கறை இல்லை, கிணறு வைத்திருக்கிறவர்களுக்கு அவசரமும் இல்லை.

ஃபவுண்டரி உரிமையாளர், கணபதி: நாங்கள் எண்ணெயும் தோண்டவில்லை, வாயுவும் எடுக்கவில்லை. கொங்கு நாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிற சம்பந்தமே உங்களால்தான் சார்! எண்ணெய், எரிவாயு வளாகத்தில் கசியும் உறுப்புகளில் முதல் வரிசையில் நிற்பது வால்வு. வால்வு உடம்பு வார்ப்பது உங்கள் தொழில். மலுமிச்சம்பட்டியில் எல் அண்ட் டி வால்வுத் தொழிற்சாலை இருக்கிறது. கோவையைச் சுற்றி வால்வு வார்ப்படமும் மெஷினிங்கும் செய்கிற பட்டறைக்குக் குறைவில்லை.

ஒரு வால்வைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மேலே கைச்சக்கரம். அதிலிருந்து ஸ்பிண்டில் கீழே இறங்குகிறது. ஸ்பிண்டில் உள்ளே நுழையும் இடத்தில் கிராஃபைட் வளையங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து கிளாண்டை வைத்து இரண்டு போல்ட்டால் இறுக்கியிருப்பார்கள். அதுதான் பேக்கிங். திறக்கும்போதும் மூடும்போதும் ஸ்பிண்டில் அதை உரசிக்கொண்டுதான் ஏறி இறங்கும். ஸ்பிண்டிலின் பாலிஷ் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் கிராஃபைட்டைத் துருவித் துருவி எடுத்துவிடும். போல்ட்டில் ஒன்றை அதிகமாகவும் ஒன்றைக் குறைவாகவும் முறுக்கினால் வளையம் சாய்ந்து உட்காரும். ஆண்டு முழுக்கக் கசிவதற்கு அந்தச் சாய்வு போதும். வெளியில் பார்த்தால் பெயின்ட் பளபளக்கும், ஒன்றும் தெரியாது. இது பேக்கிங்கின் கதை. வார்ப்பில் புளோஹோல் இருந்தால் வால்வு உடம்பே கசியும். அந்தக் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், சொன்னால் சண்டை வரும்.

இதற்குச் சோதனை இருக்கிறது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 624 தரப்படி, வால்வுக்குள் மீத்தேனை நிரப்பி, 310 முறை திறந்து மூடி, இடையில் மூன்று முறை சூடேற்றி ஆறவிட்டு, ஸ்பிண்டில் பக்கத்தில் கருவியை நீட்டினால் 100 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. நடுவில் கிளாண்டை ஒரு சுற்று இறுக்கிக்கொள்கிறேன் என்று சலுகை கேட்க முடியாது. ஐஎஸ்ஓ 15848 என்றொரு தரமும் உண்டு, அதில் பெரும்பாலும் ஹீலியம் வைத்துப் பார்ப்பார்கள். வாங்குகிறவர்கள் இந்தச் சான்றிதழைக் கேட்கக் கேட்க, குறைந்த விலைக்கு எப்படியோ ஒரு வால்வு என்ற காலம் சுருங்கிக்கொண்டு வருகிறது.

இன்னொரு சம்பந்தமும் இருக்கிறது. மின்சாரம் இல்லாத காட்டுக் கிணற்றடியில் வால்வைத் திறந்து மூட, குழாயில் இருக்கிற எரிவாயுவின் அழுத்தத்தையே பயன்படுத்துவது உலகம் முழுக்கப் பழைய வழக்கம். ஒவ்வொரு அசைவுக்கும் அந்தச் சின்னக் கட்டுப்பாட்டுக் கருவி ஒரு மூச்சு மீத்தேனை வெளியே விடும். ஒரு கருவி கொஞ்சம்தான். ஆயிரக்கணக்கில் இருந்தால் சின்ன விஷயமில்லை. மின்சாரம் கொண்டுபோக முடிந்த இடத்தில் தீர்வு ரொம்ப எளிது: எரிவாயுவுக்குப் பதில் அழுத்திய காற்று. அதற்கு வேண்டியது ஒரு ஏர் கம்ப்ரசர். சிங்காநல்லூர் எல்ஜி 1960இலிருந்து கோவையில் இருக்கிறது (டிவி விற்கிற எல்ஜி இல்லை). மீத்தேனைக் குறைப்பது கொங்கு நாட்டுக்குத் தியாகம் இல்லை, ஆர்டர்.

மகன் மஸ்கட்டில் வேலை செய்யும் தந்தை, தாராபுரம்: எண்ணெய்க் கிணறு பக்கம் ராத்திரி பகலாகத் தீ எரிகிறதாம். வீண்தானே?

வீண்தான். ஆனால் எரிக்காமல் அப்படியே திறந்துவிடுவது அதைவிடப் பல மடங்கு மோசம். நம் நாட்டுச் சுற்றுச்சூழல் விதியும் எரிக்காமல் வெறுமனே வெளியே விடாதே என்றுதான் சொல்கிறது. எரிக்கிற இடத்திலும் ஒரு சூது உண்டு. ஃபிளேரில் போன மீத்தேனில் 98 விழுக்காடு எரிந்துவிடும் என்று புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அமெரிக்க வயல்களின் மேல் விமானத்தில் பறந்து அளந்து 2022இல் சொன்னது: சுமார் 91 விழுக்காடு. காற்றடித்துத் தீ அணைந்திருக்கும், வாயு மட்டும் வந்துகொண்டே இருக்கும். மகனிடம் சொல்லுங்கள்: தீ தெரிகிறவரை பரவாயில்லை, தெரியாமல் போனால் சூப்பர்வைசரை எழுப்பட்டும்.

சிஎன்ஜி ஆட்டோ ஓட்டுநர், உக்கடம்: என் வண்டியும் கசியுமா சார்?

சைலன்சர் வழியாக எரியாத மீத்தேன் கொஞ்சம் போகும். பிளக்கையும் டியூனிங்கையும் ஒழுங்காக வைத்தால் குறையும், மைலேஜும் கூடும். மீட்டர் போட்டு ஓட்டுகிறீர்களா என்று நான் கேட்கவில்லை.

ஐஏஎஸ் தேர்வுக்குப் படிப்பவர், நாமக்கல்: உலக மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா ஏன் கையெழுத்திடவில்லை?

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் தொடங்கியது. 2020 அளவிலிருந்து 2030க்குள் 30 விழுக்காடு குறைப்போம் என்பது வாசகம். இன்றைக்கு 150க்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளே, இந்தியா வெளியே. நம் அரசு சொல்லும் காரணம், நம் மீத்தேன் மாட்டிலிருந்தும் நெல் வயலிலிருந்தும் வருகிறது, அதில் கை வைத்தால் சின்ன விவசாயி வயிற்றில் அடித்த மாதிரி என்பது. பொய்யில்லை. 2016க்கு இந்தியா ஐநாவுக்குக் கொடுத்த கணக்கில் மீத்தேனில் வேளாண்மையின் பங்கு சுமார் 74 விழுக்காடு, எரிசக்தித் துறைக்கு 10.6 விழுக்காடு.

என் அபிப்பிராயத்தைத் தேர்வில் எழுதிவிடாதீர்கள். நாலு மாடு வைத்திருப்பவரை முன்னால் நிறுத்திவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் குழாயும் கம்ப்ரசரும் நிற்கிறது. மாட்டின் வாயில் வால்வு மாட்ட முடியாது. வால்வு ஏற்கெனவே இருக்கிற இடத்தில் பேக்கிங்கை மாற்ற எந்த விவசாயி வயிறும் காயப்போவதில்லை. உறுதிமொழியில் சேராமலே அந்த 10.6ஐ அளக்கலாம், குறைக்கலாம். ஓஎன்ஜிசி 2007லேயே அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையோடு மீத்தேன் குறைக்கும் ஒப்பந்தம் போட்ட நிறுவனம். வழி தெரியாது என்று சொல்ல முடியாது. இன்னொன்று: நாம் எரிக்கிற எரிவாயுவில் ஏறக்குறையப் பாதி இறக்குமதி. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டம் போட்டு, விற்கிறவரிடமும் கசிவுக் கணக்கைக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற நாமும் கேட்டால் யார் அடிக்கப் போகிறார்கள்?

கோழிப்பண்ணைக்காரர், புதுச்சத்திரம்: எங்க ஊர் ஆலையில் கோழிக் கழிவிலிருந்து கேஸ் எடுத்து வண்டிக்குப் போடுறாங்க. அதுவும் மீத்தேன்தானே? அது நல்லதா?

அதுவும் சாட்சாத் அதேதான். எருவாகக் குவித்து வைத்தால் காற்றில் போயிருக்கும், பிடித்து எரிக்கிறீர்கள், ரொம்ப நல்லது. மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் சேகோ ஆலைகளும் கழிவுநீர்க் குட்டையை மூடி இதைத்தான் செய்கின்றன. ஆனால் சாணத்திலிருந்து வந்தது என்பதற்காக மீத்தேன் சாதுவாகிவிடாது. கலனில் விரிசல், குழாய் மூட்டில் ஓட்டை, கழிவு வெளியேறும் திறந்த தொட்டி என்று பசுமை ஆலையும் கசியும். பெட்ரோலியக் கம்பெனியைக் கேட்கிற கேள்வியை அங்கேயும் கேளுங்கள். வீட்டுச் சாண எரிவாயுக் கலனுக்கு நான் முன்பே சொன்ன சோப்புத் தண்ணீர் போதும்.

பொறியியல் மாணவி, பீளமேடு: ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு இதில் ஏதாவது ஐடியா சொல்லுங்களேன்.

டவுன்ஹால் பக்கம் சில நூறு ரூபாய்க்கு எம்க்யூ-4 என்று மீத்தேன் சென்சார் கிடைக்கும். எல்லாரும் அதை வாங்கிப் பலகையில் மாட்டி, பஸ்ஸர் அலறவிட்டு, ‘ஸ்மார்ட் கேஸ் டிடெக்டர்’ என்று பெயர் வைப்பார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். அந்த சென்சாருக்கு ஈரப்பதம் மாறினாலும் எண் மாறும், சானிடைசர் ஆவி பட்டாலும் மாறும். ஐப்பசி மழையில் ஒரு எண்ணும் பங்குனி வெயிலில் ஒரு எண்ணும் காட்டும். அது எவ்வளவு பொய் சொல்கிறது என்பதையே புராஜெக்டாகச் செய்யுங்கள். துறையின் அனுமதியோடு, திறந்தவெளியில், ஃப்ளோமீட்டர் வைத்துத் தெரிந்த அளவு வாயுவைத் தோழி ஒருத்தி திறந்துவிட வேண்டும். எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்லக் கூடாது. நீங்கள் பத்து மீட்டர் தள்ளி நின்று, காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஒரு எண் சொல்லுங்கள். பெரிய பெரிய கருவிகளையும் அமெரிக்காவில் இப்படித்தான் கண்ணைக் கட்டிச் சோதிக்கிறார்கள். நீங்கள் சொன்னதும் அவள் எழுதி வைத்ததும் இரண்டு மடங்கு வித்தியாசத்துக்குள் வந்தால் எனக்கு எழுதுங்கள், படத்தோடு போடுகிறேன். கருவியை விடுதி மெஸ் பக்கம் மட்டும் கொண்டு போக வேண்டாம். அங்கே வருகிற எண்ணை எந்தத் துறைக் கணக்கில் சேர்ப்பது என்று ஐநா இன்னும் முடிவு செய்யவில்லை.